எஞ்சினுக்கு அடியில் எழுதிய உபயம்

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் வாளியை இறக்கும்போதே தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று முகத்தில் மணலை வீசியது. குளித்து, திருநீறு பூசி, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். டயறியில் முந்தின நாள் எழுதியதை ஒருமுறை வாசித்து இரண்டு இடத்தில் திருத்தினேன். அடையாள அட்டை, பேனா, கைக்குட்டை மூன்றையும் சட்டைப் பையில் வழக்கமான ஒழுங்கில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். மற்ற நாட்களில் அன்புவழிபுரத்திலிருந்து நேரே ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கந்தோருக்குப் போவேன். அன்று லீவு. கொழும்பிலிருந்து ஒரு றெயில்வே அதிகாரி எங்கள் எஞ்சினைப் பார்க்க வருவதாக இருந்தது.

‘எங்கள் எஞ்சின்’ என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது அரசாங்கத்துச் சொத்து. ஒருகாலத்தில் இறங்குதுறைக்கும் ஸ்டேசனுக்கும் இடையே சாமான் பெட்டிகளை இழுத்துத் திரிந்த சின்ன நீராவி எஞ்சின். வேலை நின்ற பிறகு அதை ஸ்டேசனுக்குப் பின்னால், கிளைத் தண்டவாளம் முடிகிற இடத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். சுற்றிலும் எருக்கலை வளர்ந்தது. பித்தளை என்று கழற்றக்கூடியதெல்லாம் கழன்று போனது. மிஞ்சிய இரும்பின் நிழலில் கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர் தேத்தண்ணிக்கடை போட்டிருந்தார். கொழும்பு வண்டி எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று வண்டிக்கே தெரியாத காலம் அது. ஆனாலும் நானாவின் வாங்குப் பலகையில் எப்போதும் ஆள் இருக்கும். கந்தோர் விட்டு வரும்போது நானும் இருப்பேன்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை ஒருநாள், நானா என் பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே நின்றார். ஆற்றி முடிக்கிற மாதிரித் தெரியவில்லை.

“எஞ்சினைப் பழைய இரும்புக்கு விக்கப்போறாங்களாம் ஐயா. கிரேன் லொறி வர வழி வேணும். வழியில நிக்கிறது என்ட கடை.”

“எப்பவாம்?”

“வருச நடுவில. ஆனா ஊர்ச்சனமே செலவழிச்சுத் திருத்தி வச்சா, பழைய சாமானா இங்கயே காட்சிக்கு விடுவாங்களாம். ஸ்டேசன் மாஸ்டர் சொன்னாரு. அப்பிடி விட்டா, பாத்துக்க ஒரு ஆள் வேணும். நான் இருக்கிறன்தானே.”

அவர் தன் தேவையை மறைக்கவே இல்லை. கிண்ணியாவில் அவருடைய காணி இருந்த பக்கம் சண்டையால் போக ஏலாது என்று ஆகியிருந்தது. வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள். அந்தக் கடை போனால் அடுத்த நாள் எங்கே அடுப்பு மூட்டுவது என்று அவருக்குத் தெரியாது. பழமையைப் பாதுகாக்கிறோம் என்று நாங்கள் பிறகு எத்தனையோ பேரிடம் சொன்னோம். பாதுகாத்தது அந்தத் தேத்தண்ணிக்கடையைத்தான். கேட்டவர்களுக்கும் அது தெரியும்.

மூன்று பேர் சேர்ந்தோம். நானா, செயலாளர் என்ற பட்டத்தோடு நான், உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் இளைப்பாறிய எஞ்சின் றைவர் ஒருவர். றைவர் அண்ணையைப் பற்றி எங்களுக்கு மிகப் பெரிய நம்பிக்கை இருந்தது. முதல் கூட்டத்திலேயே அவர் அதைத் தீர்த்துவைத்தார்.

“நான் ஓட்டினது முழுக்க டீசல். நீராவி எண்டால் எனக்குப் புட்டுப்பானைதான் தெரியும்.”

ஓட்டத் தேவையில்லை, துருச் சுரண்டி, ஓட்டை அடைத்து, கூரைத் தகட்டை மாற்றி, பெயின்ற் அடித்தால் போதும் என்று நானா சமாதானம் சொன்னார். அதற்கே காசு வேண்டியிருந்தது. ஒரு மாதம் வீடு வீடாக அலைந்தோம். “ஓடுற வண்டியே வருகுதில்லை, ஓடாத எஞ்சினுக்குக் காசோ?” என்றார்கள். ஒருவர் எங்களை உள்ளே கூப்பிட்டு, கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, தன் மகனுக்கு என் கந்தோரில் வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

வழி சொன்னது என் மனைவி. குசினிக்குள் நின்றபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் குடுக்கிறவர் என்ன செய்யிறவர்? உபயம் எண்டு போட்டு, தன்ர பேர், தேப்பன்ர பேர், கடைப் பேர் எல்லாம் சிவப்புப் பெயின்ற்றால எழுதுவிக்கிறார். வெளிச்சம் வெளியில வர இடமில்லை. உங்கட எஞ்சினில எவ்வளவு இடம் சும்மா கிடக்குது?”

மறுநாளே புகைபோக்கி உபயத்துக்குப் போய்விட்டது. எடுத்தவர் புடவைக்கடை முதலாளி. உயரத்தில் இருப்பதால் பிரதான வீதியிலிருந்தும் தெரியும் என்று கணக்குப் போட்டிருந்தார். அடுத்த கிழமை கரிப்பெட்டிக்கும் இரண்டு தண்ணீர்த் தாங்கிகளுக்கும் ஆள் கிடைத்தது. மூதூர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்து, “உபயம் எண்டது கோயில் சொல், எங்களுக்கு வேணாம். பேரை மட்டும் போடுங்க. ஆனா முதலாளிட எழுத்தை விட என்ட எழுத்து சின்னனா இருக்கப்படாது” என்றார். நான் அடிமட்டத்தால் அளந்து காட்டினேன். சலூன் வைத்திருப்பவர் ஒரு சில்லை எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“சில்லு சுத்தேக்க என்ர பேர் தலைகீழாப் போகுமெல்லோ?”

“இந்தச் சில்லு சுத்தினால், நானே உம்மட கடைக்கு வந்து உமக்கு மொட்டை அடிச்சுவிடுறன்” என்றார் றைவர் அண்ணை.

ஒரு அம்மா வந்து, எஞ்சினில் ஏறும் இடத்தில் தன் மகனுடைய பெயரை எழுதச் சொன்னார். எழுத்தின் அளவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. மகன் எங்கே என்று நாங்களும் கேட்கவில்லை.

இப்படியே வேலை நடந்தது. வெல்டிங் சிலிண்டரைச் செக்பொயின்ற்றைத் தாண்டிக் கொண்டுவர நான் கடிதம் எடுத்தேன். றைவர் அண்ணை கம்பித் தூரிகையோடு பொயிலரின் மேல் குந்தியிருந்து எல்லோரையும் ஏசினார். ஜூன் பிறக்கும்போது எஞ்சின் கறுத்து மினுங்கியது. அந்தக் கறுப்பின் மேல், பெயர்ப்பலகை எழுதும் பெயின்ற்றர் வெள்ளை எழுத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதி முடித்தார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாருடையது முதலில் என்ற சண்டை மறுபடியும் தொடங்கும்.

பதினாறாம் திகதி ஒன்பது மணியளவில் அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், தேய்த்து மடிப்பு வைத்த வெள்ளைக் காற்சட்டை. சிங்களத்தில்தான் பேசினார். எனக்குக் கந்தோர்ச் சிங்களம் வரும். எஞ்சினைத் தட்டிப் பார்த்தார், கூரைத் தகட்டைப் பார்த்தார், தலையாட்டினார். நானா என் காதுக்குள், “பிடிச்சிருக்கு ஐயா” என்றார். அப்போதுதான் அதிகாரி இரண்டடி பின்னால் போய் முழுவதையும் பார்த்தார்.

“இதெல்லாம் என்ன?”

“காசு தந்தவர்களின் பெயர், சேர்.”

“இது எஞ்சினா, தேர்தல் நேரத்து மதிலா?”

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது. இது அரசாங்கச் சொத்து, கறுப்பு மட்டும்தான் இருக்கலாம். பின்னேரம் திரும்பி வருவார். அப்போது வெளியில் ஓர் எழுத்துத் தெரிந்தாலும் இரும்புக்கு விற்கும்படி எழுதிவிட்டுப் போய்விடுவார்.

அவர் போனதும் நானா வாங்கில் இருந்துவிட்டார். பெயரை அழிப்பது பெரிய வேலையல்ல, ஒரு பூச்சுப் போதும். அழித்தால் தந்தவர்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள். காசோ தகடாகவும் வெல்டிங்காகவும் எஞ்சினிலேயே ஒட்டிப்போயிருந்தது. எப்படியோ கதை பரவி, பத்து நிமிடத்தில் முதலாளி வந்து நின்றார்.

“ஊரறிய எழுதித் தாறம் எண்டுதானே வாங்கினனீங்கள்?”

நான் விளக்கத் தொடங்கினேன். நானா என்னை நிறுத்தினார். நான் விளக்கினால் மத்தியானமாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

“முதலாளி, அடியில இடமிருக்கு. மழை படாது, வெயில் படாது, காகம் எச்சம் போடாது. அந்தாளு வெளியில எண்டுதான் சொன்னாரு.”

“அடியில எழுதினால் ஆர் பாக்கிறது?”

“நீங்க பாக்கலாம். உங்கட ஆக்களைக் கூட்டிவந்து காட்டலாம். மேல எழுதினா வீதியால போறவனெல்லாம் சும்மா பாத்திட்டுப் போவான். அடியில எண்டா, பாக்க எண்டே வந்துதான் பாக்கோணும்.”

முதலாளி குனிந்து எஞ்சினின் அடியைப் பார்த்தார். “என்ர பேர் நடுவில வரோணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மற்றவர்களுக்கு நானா ஆள் அனுப்பினார். முதலாளியே சம்மதித்துவிட்டார் என்றதும் ஒருவரும் மறுக்கவில்லை. ஓரத்தில் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

பெயின்ற்றர் சீனிச் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, அடியில் எழுதத் தொடங்கினார். வெளியில் றைவர் அண்ணையும் நானும் கறுப்பு அடித்தோம். கச்சான் காற்று மணலை அள்ளி ஈரப் பெயின்ற்றில் ஒட்டியது. “அடுத்த முறை பெயின்ற்றை வாங்காமல் மணலையே வாங்குவம்” என்று அண்ணை முணுமுணுத்தார். இரண்டு மணிக்கு மேல் எல்லாம் முடிந்தது. பெயின்ற்றர் கழுத்தைப் பிடித்தபடி வீட்டுக்குப் போனார். முதலாளி வந்தார். தன் பெயர் உண்மையிலேயே நடுவில்தான் இருக்கிறதா என்று பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிச் சாக்கில் படுத்து உள்ளே ஊர்ந்தார்.

அந்த நேரம் பார்த்து, வீதி முனையில் சென்றிக் காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பொடியன் இந்தப் பக்கம் நடந்து வந்தான். துறைமுகத்துக்குப் போகும் வழி, ஓர் எஞ்சின், அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு கால்கள். அவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான்.

முதலாளி வெளியே வந்தபோது மூக்கில் கிறீஸ் இருந்தது. பொடியன் குனிந்து ரோர்ச் அடித்தான். வெள்ளை எழுத்தில், தமிழில், வரிசையாகப் பெயர்கள்.

“என்ன பட்டியல் இது?”

நானா கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒரு தொலைபேசி அழைப்பு மேலே போனால் எஞ்சினும் கடையும் மட்டுமல்ல, நாங்களும் போக வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் விளங்கியது.

“வாசி” என்றான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாக்கில் படுத்தேன். அவனும் பக்கத்தில் படுத்தான். ரோர்ச் வெளிச்சம் நகர நகர ஒவ்வொரு பெயராக வாசித்து, சிங்களத்தில் சொன்னேன். இவர் புகைபோக்கிக்குத் தந்தவர், புடவைக்கடை. இவர் இடதுபக்கத் தண்ணீர்த் தாங்கி, அரிசி ஆலை. இவர் ஒரு சில்லு, சலூன். இவர் பிறேக்.

“பிறேக் பிடிக்குமா?”

“பிடிக்காது.”

“அப்போ ஏன் காசு கொடுத்தார்?”

“பெயர் எழுதுவதால்.”

வெளிச்சம் அந்த அம்மாவின் மகனுடைய பெயரில் நின்றது. “இது?” என்றான். “ஏறும் இடத்துக்கு. தந்தது அவருடைய அம்மா” என்றேன். அவன் ரோர்ச்சை அடுத்த பெயருக்கு நகர்த்தினான்.

எல்லாம் வாசித்து முடித்த பிறகும் அவன் எழும்பவில்லை. தன் ஊர்ப் பௌத்தப் பன்சலையில் ஒரு சுவர் மணிக்கூடு இருக்கிறது என்றான். கொடுத்தவர் கண்ணாடியிலேயே குடும்பத்தின் பெயர் முழுவதையும் எழுதிவிட்டார். பிக்குவுக்கு நேரம் பார்க்க ஏலாது. பக்கத்துக் கடையில் போய்த்தான் கேட்பார். சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் படுத்தபடியே சிரித்தான். நானா அவனுக்குப் பால் தேத்தண்ணி போட்டார்.

அவன் அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அதிகாரி வந்துவிட்டார். எஞ்சினைச் சுற்றி நடந்தார். கறுப்பு மட்டும்தான் தெரிந்தது, கொஞ்சம் மணலும். பிறகு சில்லுக்குப் பக்கத்தில் நின்று அடிப்பக்கத்தை நோக்கினார். நானாவின் கையில் ஒரு வெற்றுக் கிளாஸ் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அடியில் எப்படி?” என்று அதிகாரி கேட்டார்.

ஆமிக்காரப் பொடியன் கிளாஸை வாங்கில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். “அடியில் படுத்து நானே பார்த்தேன் சேர். ஒன்றொன்றாக விசாரித்தேன். பயப்பட ஒன்றுமில்லை.”

அதிகாரி மணலைப் பார்த்தார், தன் காற்சட்டையைப் பார்த்தார். “நல்லது” என்றார். எஞ்சின் நிற்கும், பார்த்துக்கொள்ள அந்தக் கடையும் நிற்கலாம் என்று எழுதுவதாகச் சொன்னார். போகும்போது நானாவிடம் ஒன்று மட்டும் கேட்டார். இதைப் பார்க்க ஆட்கள் வருவார்களா? நான் மொழிபெயர்த்தேன். “வருவாங்க எண்டு சொல்லுங்க ஐயா. நாளைக்கே வருவாங்க” என்றார் நானா. அதையும் மொழிபெயர்த்தேன்.

அன்றிரவு டயறியில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்து, “எஞ்சினில என்ர பேர் எந்த இடத்தில எழுதியிருக்கு?” என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். “யோசனை சொன்னவளுக்கு ஒரு ஆணியாவது தந்திருக்கலாம்” என்றாள். இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை, கந்தோருக்குப் போகும் வழியில் சைக்கிளை ஸ்டேசன் பக்கம் திருப்பினேன். கடை இன்னும் திறக்கவில்லை. முதலாளி, மனைவியையும் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். சலூன்காரர் அவர்களுக்குப் பின்னால் நின்றார். நானா வந்து பலகைக் கதவைத் திறந்தார். அடுப்பு மூட்டவில்லை, கிளாஸ் கழுவவில்லை. உள்ளே போய் ஒரு புதுப் பாயை எடுத்து வந்து, எஞ்சினுக்கு அடியில் நீட்டாக விரித்துவிட்டு, “ஒவ்வொரு ஆளா வாங்க” என்றார்.