மேசையில் படுக்காத கடிதம்

“என்ரை மேசையிலை ஒரு கடிதம் ஓரிரவு படுத்தெழும்பினதெண்டு ஆராவது காட்டினால், பென்சனை எழுதிக் குடுத்திட்டு சந்நிதிக் கோயில் மடத்திலை அன்னதானச் சோறு சாப்பிடுறன்.”

நீதவான் நீதிமன்ற எழுதுவினைஞர் முத்துக்குமாரு இதை முப்பத்தொரு வருடமாகச் சொல்லிவந்தார். எந்த ஊர் நீதிமன்றம் என்பது அவரது மரியாதையை முன்னிட்டு இங்கே எழுதப்படவில்லை. பொலிசும் நீதிமன்றமும் சிறைச்சாலையும் கொழும்புத் திணைக்களங்களும் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவது தம் மேசையால்தான் என்பது அவரது நம்பிக்கை. பொய்யுமில்லை. பொலிசார் சிங்களத்தில் எழுதினார்கள். சட்டமா அதிபர் திணைக்களம் ஆங்கிலத்தில் எழுதியது. நீதிமன்றம் தமிழில் பதிந்தது. சிறைச்சாலை ஒன்றும் எழுதாமல், பதினாலு நாளைக்கொருமுறை பேருந்தில் ஆட்களைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோனது.

முத்துக்குமாருவுக்குச் சிங்களம் தெரியும் என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருந்தது. பசுவைப் பற்றிய கட்டுரையொன்றைப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனார், பசுவே வந்தது. அதற்குப்பின் பசு சம்பந்தமாக எவரும் அவருக்குக் கடிதம் எழுதவில்லை. மொழிபெயர்ப்பாளர் இருந்தவரை குறையில்லை. அவர் மாற்றலாகிப் போனபிறகு, பிறரிடம் கேட்கக் கௌரவம் இடம்கொடாததால், சிங்களக் கடிதங்களைக் கைநிறுவையால் இனம்பிரித்தார். கனத்த உறை வழக்குக் கோவைக்கு. ஒற்றைத் தாள் சுற்றறிக்கைக் கோவைக்கு.

2023 ஐப்பசியில் தொண்டைமானாற்றுக் கடற்றொழிலாளி சுபாஸின் படகில் பொலிசார் வெள்ளைத் தூள் பொதியொன்றைப் பிடித்தார்கள். படகின் ஓட்டை அடைக்கிற பவுடர் என்றான் சுபாஸ். போதைப்பொருள் என்றார்கள் பொலிசார். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரட்டும் என்றது நீதிமன்றம். அதுவரை சிறையில் விளக்கமறியல்.

சுபாஸின் மனைவி உதயகலா ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் வந்தாள். கைக்குழந்தையாக வந்த மகள் நீதிமன்ற விறாந்தையிலேயே நடை பழகினாள்.

“அறிக்கை வந்ததோ ஐயா?”

“கொழும்பிலையிருந்து இன்னும் வரேல்லை பிள்ளை. அவங்கள் உப்பிடித்தான். வந்தால் என்ரை மேசையிலை நிக்காது, தெரியுந்தானே.”

“ஓம், உங்கடை மேசையிலை ஒண்டும் படுக்காதாம். என்ரை மனிசன் மட்டும் உள்ளுக்குக் கிடக்கிறார்.”

பொலிசைக் கேட்டாள், பொதியை அனுப்பியாயிற்று என்றார்கள். சட்டமா அதிபர் திணைக்களம் அறிக்கையைக் கேட்டு நீதிமன்றத்துக்கு எழுதியது. நீதிமன்றம் பொலிசுக்கு எழுதியது. ஒத்துழைப்பில் யாரும் குறைவைக்கவில்லை.

2025 வைகாசியில் முத்துக்குமாரு ஓய்வு பெற்றார். கடைசி நாள், சுபாஸின் தவணை நாளுங்கூட. பொறுப்பெடுக்க வந்த உடுவில் ஊர்ப் பெண் நிவேதனா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சிங்களம் பழகியவள். சுற்றறிக்கைக் கோவையைப் புரட்டிக்கொண்டு வந்தவள் ஒற்றைச் சிங்களத் தாளொன்றில் நின்றாள்.

“சேர், இது சுற்றறிக்கை இல்லை. பகுப்பாய்வு அறிக்கை.”

“ஆற்றை?”

“சுபாஸெண்டு ஒராள். தூள் வெறும் டல்க் பவுடராம். போதைப்பொருள் இல்லையாம்.”

முத்துக்குமாரு, கடிதங்கள் வந்த திகதியைப் பதியும் பதிவுத்தபால் கொப்பியை எடுத்தார். 2024 தை, பதினெட்டாம் திகதி. பக்கத்தில் அவருடைய அழகான கையெழுத்து. அதற்குப்பின் போன தவணைகளை விரலில் எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் விட்டார்.

நிவேதனா குரலைத் தாழ்த்தினாள். “இண்டையத் திகதியிலை சீல் அடியுங்கோ சேர். கொழும்புக் கடிதம் பதினாறு மாசம் சுணங்கினதெண்டால் ஆர் நம்பாமல் விடப்போகினம்?”

அது நல்ல யோசனை. சீலை எடுத்து மையில் ஒற்றினார். கொஞ்சநேரம் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அறிக்கையோடும் தபால் கொப்பியோடும் வெளியே போனார்.

விறாந்தையில் உதயகலா மகளுக்கு பிஸ்கற் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, அறிக்கை வந்திட்டுது. அவரிலை பிழையில்லை. இண்டைக்கே நீதவானிட்டைக் குடுக்கிறன்.”

அவள் எழும்பி அவரது கையைப் பிடித்தாள். “நீங்கள் நல்லாயிருக்கவேணும் ஐயா. இண்டைக்கோ வந்தது?”

முத்துக்குமாரு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கொப்பியைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“இல்லைப் பிள்ளை. போன வருசம் தையிலை. என்ரை மேசையிலைதான் கிடந்தது.”