தறிக்கு அடிக்கும் காற்று

சூலூரில் எங்களுக்கு விசைத்தறி இருக்கிறது. தறியில் ஒட்டும் பஞ்சை கம்ப்ரசர் காற்றடித்துத்தான் தினமும் சுத்தம் செய்வேன். ஒருநாள் அதே கையோடு, ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே தெரிந்த குழாய்க்கும் காற்றடித்துவிட்டேன்.

மறுநாள் மனைவியோடு கொடுமுடி கோயிலுக்குக் கிளம்பினேன். ஒரு லாரியை முந்தும்போது கார் திணறி வேகம் இழந்தது. எதிரே பஸ். லாரி டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு இடம் கொடுத்ததால், அவருக்கு முன்னால் ஒதுங்கிப் பிழைத்தோம்.

திரும்பி வந்து, எங்களுக்குப் பழக்கமான சிங்காநல்லூர் மெக்கானிக் பாயிடம் காரைக் காட்டினேன். அவர், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். திணறல் குறைந்ததால், கோளாறு அந்த சென்சாரில்தான் என்றார். சென்சாரைக் கழற்றினால், அதன் மெல்லிய கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் ஒட்டியிருந்தன.

“ஏனுங்க, தறிக்கு அடிக்கிற காத்த இதுக்கும் அடிச்சுப்போட்டீங்களா? அந்தக் காத்துல கம்ப்ரசர் எண்ணெயும் வருமுங்க.”

“ஆமாங்க பாய். புதுசு மாத்தோணுங்களா?”

“எதுக்குங்க? கழுவுனாப் போதும்.”

அதற்கான ஸ்ப்ரேயால் கழுவி, காயவைத்து மாட்டினார். கார் பழையபடி ஓடியது.

பாய்க்கு நேரில் நன்றி சொன்னேன். அந்த லாரி டிரைவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் என் ஸ்போர்ட்ஸ் காரை யார் முந்த வந்தாலும், வேகத்தைக் குறைத்து இடம் கொடுக்கிறேன்.