பென்சில் முனை உடையும் ஓசை

என் சட்டைப்பையில் எழுதுவதற்குப் பயன்படுத்தாத ஒரு பென்சில் இருக்கிறது. தலையை அழுத்தினால் மெல்லிய முனை வெளியே வரும் வகை. சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் உள்ள குடிநீர் பம்பு நிலையத்தில் நான் மெக்கானிக். அங்கே இருந்த பொறியாளரம்மா, மாற்றலாகிப் போனபோது கொடுத்துச் சென்றது அது.

எங்கள் பம்புக்குள் சரளைக்கல் உருளுவதுபோல ஓயாமல் சத்தம் கேட்கும். உள்ளே கல் எதுவும் கிடையாது. உறிஞ்சப்படும் தண்ணீரில் அழுத்தம் குறையும் இடத்தில் குமிழிகள் உண்டாகி, சுழலும் சக்கரத்தின் மேல் அமுங்கி உடைகின்றன. ஒவ்வொன்றும் இரும்பில் ஊசிமுனை அளவு குழி பறிக்கிறது என்று விளக்கியவர் அவர். பம்பின் உடம்பில் காசளவு சென்சார் ஒன்றை ஒட்டி, அந்த அடிகளைத் திரையில் எண்ணிக் காட்டினார். புதுப் பம்பே வாங்கிவிடலாம் என்றார் மேலதிகாரி. குறுகி வளைந்த உறிஞ்சுகுழாயை மாற்றினால் போதும் என்று வாதாடி அனுமதி பெற்றார் அம்மா. அது பலிக்காவிட்டால் அவர் சொல் இனி எடுபடாது என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புதுக் குழாய் பொருத்தி ஓட்டிய அன்று திரையில் பூஜ்யம். "ஒத்த அடி இல்ல மேடம். வெத்தல வாங்கியாரச் சொல்லவா?" என்றார் ஆப்பரேட்டர்; வேலை நல்லபடியாக முடிந்தால் எல்லோருக்கும் வெற்றிலை வாங்குவது எங்கள் வழக்கம். மேலதிகாரி அதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போனில் நல்ல செய்தியைச் சொல்லி முடித்திருந்தார். அம்மா மட்டும் பென்சிலை எடுத்தார்.

"இருங்கண்ணே. இதுக்குக் காது கேக்குதான்னு மொதப் பாப்போம்."

சென்சாருக்குப் பக்கத்தில் முனையைச் சாய்த்து அழுத்தினார். பட்டென்று உடைந்தது. அந்தச் சின்ன அதிர்வுக்கே திரையில் கோடு துள்ள வேண்டும். துள்ளவில்லை. ஈரத்தில் பசை விட்டுப்போய், சென்சார் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேல சொல்லிட்டேனேம்மா" என்றார் அதிகாரி.

"தப்பாச் சொல்லிட்டோம்னு சொல்லிருங்க சார்."

அந்தப் பூஜ்யம் யாருக்கு அதிகம் வேண்டியிருந்ததோ அவரே அதைச் சோதித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். துடைத்து, மறுபடி ஒட்டி, இன்னொரு முனையை உடைத்துக் கோடு துள்ளியதைப் பார்த்த பிறகே பம்பை ஓட்டச் சொன்னார். அடிகள் நன்றாகக் குறைந்திருந்தன, ஆனால் நிற்கவில்லை. அறிக்கையிலும் அப்படியே எழுதினார். பம்பைத் தண்ணீர்மட்டத்துக்கு நெருக்கமாகத் தாழ்வான மேடையில் இறக்கினால் அடிகள் முழுக்க நின்றுவிடும் என்றும் எழுதினார். அதிகாரிக்கு அரைகுறை வெற்றி பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் மாற்றல் வந்தது.

பம்பை இறக்கும் வேலை இப்போதுதான் முடிந்தது. நேற்றுக் காலை ஓட்டிப் பார்த்தோம். அவருக்குப் போன் செய்தேன்.

"பூஜ்யம், மேடம்."

"பென்சில்?" என்றார்.

"ஒடச்சிட்டுத்தான் கூப்புடுறேன். கோடு துள்ளுச்சு."

"அப்ப வெத்தல வாங்கியாரச் சொல்லுங்கண்ணே."