பொட்டலத்துக்கு மொட்டை இல்லை

நாய்க்குச் சட்டை போட வேண்டும் என்று சொன்னது எங்கள் அக்கா இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் எங்களைப் பார்க்கிறவர்கள், கிழவிகள் இரண்டுக்கும் பொழுது போகவில்லை, நாய்க்குச் சட்டை மாட்டி அழகு பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சட்டை எங்கள் ஆசைக்கு வந்தது இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானத்தால் வந்தது.

நாயின் பெயர் பொட்டலம். உருவம் ஒரு தலையணை அளவு, முடி தரையைக் கூட்டுகிற அளவு. அக்கா கடைசியாகப் பார்த்துக்கொண்ட நோயாளி ஒரு வயதான கடைக்காரர். அவர் போன பிறகு பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது, பீரோவுக்கு ஆள் இருந்தது, கட்டிலுக்கு ஆள் இருந்தது, நாய்க்கு ஆள் இல்லை. அக்கா அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கதவைத் திறந்த நான், "என்னக்கா பொட்டலம்?" என்றேன். பொட்டலம் தும்மியது. அன்றிலிருந்து அதுதான் பெயர்.

எனக்கு நாய் என்றால் ஆகாது. அக்காவுக்கு ஆகும். அக்காவுக்கு ஆகிவிட்டால் இந்த வீட்டில் எல்லோருக்கும் ஆகித்தான் தீர வேண்டும்.

கட்டடத்தில் எல்லோரும் அவளை நர்ஸம்மா என்பார்கள். அவள் நர்ஸ் இல்லை. படுக்கையில் விழுந்தவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது அவள் தொழில். துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், உடை மாற்றுவாள், நிமிர்த்தி உட்கார வைப்பாள். முகம் சுளிக்க மாட்டாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேலைக்குச் சேருகிற அன்றே வீட்டுக்காரர்களிடம் கறாராகச் சொல்லிவிடுவாள்: "எல்லாம் செய்வேன். அவங்களைக் கேக்காம அவங்க முடியை வெட்ட மாட்டேன்."

ஏனென்றால் ஒருவர் படுக்கையில் விழுந்ததும் வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கத்தரிக்கோல்தான். சீவ நேரமில்லை, சிக்கு விழுகிறது, காய மாட்டேன் என்கிறது, வெட்டிவிடு. ஒரு வீட்டில் மருமகள், பேச்சு நின்றுபோன மாமியாரின் தலைமாட்டில் நின்றுகொண்டு கத்தரிக்கோலை நீட்டியிருக்கிறாள். அக்கா குனிந்து அந்த அம்மாளிடமே கேட்டாளாம்: "வெட்டட்டுமாம்மா? சரின்னா கண்ணை மூடுங்க. வேணாம்னா என்னை முறைச்சுப் பாருங்க." அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் மருமகள் இரண்டடி பின்னால் போய்விட்டாளாம். முடி பிழைத்தது, அக்காவின் வேலை போனது. "உனக்கெதுக்குடி இந்த வம்பு?" என்று நான் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அக்காவையே 'டி' போட்டுப் பேசுகிற அளவுக்கு எனக்கு ஆத்திரம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "முறைச்சாங்கடீ. முறைச்ச பிறகு எப்படி வெட்டுறது?" என்றாள். வெட்டு என்று கண்ணை மூடியவர்களுக்கு அழகாக வெட்டியும் விட்டிருக்கிறாள். அவளுக்கு முடி பெரிதில்லை. கேட்பதுதான் பெரிது.

இப்படிப்பட்டவள் கையில்தான் பொட்டலம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு இருமல்காரர் இருக்கிறார். நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே இருமுகிறவர். ஒருநாள் லிஃப்டில் ஒரு முடியைக் கண்டெடுத்துவிட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவருடைய இருமலுக்கு எங்கள் நாய் காரணமாகிவிட்டது. சங்கச் செயலாளர் உடனே தீர்மானம் போட்டார்: முடி நாய்கள் லிஃப்ட், மாடிப்படி, வாகன நிறுத்தம் ஆகிய பொது இடங்களில் உடலை மூடும் சட்டை அணிந்தே வர வேண்டும். முடி நாய்கள் என்று பன்மையில் போட்டிருந்தார். கட்டடத்தில் இருப்பதே ஒன்று.

"சட்டைதானே? போட்டா போச்சு," என்றாள் அக்கா. அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

கடையில் ஒன்று வாங்கினோம். உள்ளே புசுபுசுவென்று கம்பளி, வயிற்றுப் பக்கம் கர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டை. போட்டால் பொட்டலம் ராஜா மாதிரி இருந்தது. ஒரு வாரம் போனது. மேலே தடவினால் பட்டு, அக்குளில் கையை விட்டால் முடிச்சு. கம்பளி முடியைத் திரித்துவிட்டது, ஒட்டுப்பட்டையோ பிடித்த முடியை விட மாட்டேன் என்றது. குளிக்க வைத்தால் சரியாகும் என்று அக்கா அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். காய்ந்த பிறகு பார்த்தால் முடிச்செல்லாம் இறுகி, கால்மிதித் துண்டு போல ஆகிவிட்டது. "சிக்கு எடுக்காம தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். நாய்னதும் புத்தி எங்கே போச்சு எனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மதியம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, முடிச்சை விரலால் நூல் நூலாகப் பிரித்தாள். கத்தரிக்கோலை எடுத்து நான் நீட்டியதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

பிறகு என் தையல் மெஷினுக்கு வேலை வந்தது. உள்பக்கம் வழுவழுவென்று இருந்தால்தான் முடி சிக்காது என்றாள். வீட்டில் வழுவழுவென்று இருந்தது என்னுடைய சாட்டின் நைட்டி ஒன்றுதான். நான் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றும் பலனில்லை. தையல் மடிப்பையெல்லாம் வெளிப்பக்கம் வைக்கச் சொன்னாள். உள்ளே இருந்தால் முடியை உரசுமாம். பார்க்கக் கண்றாவி. அக்குளை அகலமாக வெட்டி, ஒட்டுப்பட்டைக்குப் பதிலாக அமுக்குப் பொத்தான் வைத்து, பொத்தானில் முடி மாட்டாமல் உள்ளே ஒரு பட்டைத் துணியும் கொடுத்தேன்.

போடுகிற விதம் அவள் தொழிலில் இருந்து வந்தது. கை வராதவர்களுக்குச் சட்டை போடும்போது கையைப் பிடித்துத் திணிக்க மாட்டாள். சட்டைக் கையின் நுனி வழியாகத் தன் கையை உள்ளே விட்டு, அவர்கள் கையைப் பிடித்து, சட்டையை மெதுவாக மேலே ஏற்றுவாள். பொட்டலத்தின் முன்கால்களுக்கும் அதேதான். ஏற்றிய பிறகு விரலை உள்ளே விட்டு, மேலே ஏறிய முடியைக் கீழ்நோக்கித் தடவி விடுவாள். கழற்றும்போது தலை வழியாக உருவ மாட்டாள், பொத்தானை அவிழ்த்து அப்படியே தூக்கிவிடுவாள். வீட்டு வாசலைத் தாண்டியதும் சட்டை கழன்றுவிடும். "இங்கே என்ன சங்கமா இருக்கு?" என்பாள். பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து, முடியைப் படலம் படலமாகப் பிரித்து, வேரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவுவாள். அது நாலு காலையும் விரித்துக்கொண்டு குறட்டை விடும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அதைப் பங்கு போட்டுக்கொண்டோம். வேலை இல்லாதது நாய்க்கு, நிற்க நேரமில்லாதது எங்களுக்கு.

சட்டை போட்டும் இருமல் நிற்கவில்லை. நாய்க்குச் சட்டை போட்டால் மனுஷனுக்கு எப்படி நிற்கும்? செயலாளர் அடுத்த அறிவிப்பை ஒட்டினார். முடி நாய்களை ஒட்ட மொட்டையடிக்க வேண்டும், இல்லையென்றால் கட்டடத்தில் வைத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வீட்டுக்கு ஒரு கை, ஓட்டெடுப்பு.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள். சங்கம் முறைத்தால் வீட்டுக்காரர் காலி பண்ணுங்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

"வெட்டிட்டுப் போயேன்க்கா. வளராதா என்ன?" என்றேன்.

"வளரும்."

"பின்னே?"

"வளரும்கிறதுக்காக வெட்டுறதா? இருமுறது அவரு, மொட்டை இதுக்கா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவியா நீ?" சீப்பை ஊதி முடியை எடுத்தாள். "நாயையும் விட மாட்டேன், முடியையும் விட மாட்டேன். வெளியே போகச் சொன்னா ரெண்டு பேரும் போறோம். நீ இருந்துக்கோ."

இருந்துக்கோவாம்! இவளை விட்டுவிட்டு நான் எங்கே இருப்பது? கோபத்தில் இரண்டு வேளை அவளோடு பேசவில்லை.

கூட்டம் கீழே வாகன நிறுத்தத்தில் நடந்தது. அன்றைக்குப் பார்த்துத் தூறல். அக்காவோடு நடக்கப் போன பொட்டலம் நனைந்த சட்டையோடு நேராகக் கூட்டத்துக்கே வந்துவிட்டது. துவட்டவில்லை, சீவவில்லை. ஈரத்தோடு சட்டைக்குள் இருந்தால் சிக்கு விழும் என்பது இதற்குள் எனக்கும் தெரியும்.

செயலாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியில் அவருடைய அம்மாவும் வந்திருந்தார். பக்கவாதம், பேச்சு அபூர்வம். அவருக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் மகன்தான். துவைத்த உடை, வெட்டிய நகம், ஒட்ட வெட்டிய தலை. அம்மாவை அவர் கவனித்துக்கொள்வதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"சட்டை போட்டு மூடிட்டா சுத்தம்னு அர்த்தம் இல்லீங்க," என்று அவர் ஆரம்பித்தார். "கொண்டையில தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும்னு சொல்லுவாங்க. உள்ளே எப்படி இருக்கோ, யார் கண்டா?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்கா எழுந்து, பொட்டலத்தைத் தூக்கி மேஜைமேல் அவருடைய காகிதங்களுக்கு நடுவே வைத்தாள். பொத்தான்களை அவிழ்த்துச் சட்டையைத் தூக்கினாள். இடுப்பில் செருகியிருந்த சீப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்க சார்."

வேறு வழியில்லாமல் சீவினார். முதுகில் சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. காதுக்குப் பின்னால், வாலில், எங்கேயும் நிற்கவில்லை. இருமல்காரர்கூட எட்டிப் பார்த்தார். அக்குளுக்குப் போனார். சீப்பு நின்றது.

"நிக்குதே!" என்றார், புதையலைக் கண்டவர் மாதிரி.

"நிக்கும்," என்றாள் அக்கா. "முடின்னு இருந்தா சிக்கு விழும். மழையில நனைஞ்சிருக்கு, விழுந்திருக்கு." சீப்பை வாங்கி, வேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மெதுவாகப் பிரித்தாள். பொட்டலம் அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. சீப்பு போனது. "அவ்வளவுதான். இதுக்கா மொட்டை?"

"தினமும் யாரும்மா இப்படி உக்காந்து எடுக்கிறது? வெட்டிட்டா உங்களுக்கும் சௌகரியம், அதுக்கும் சௌகரியம்."

"எனக்குச் சௌகரியம் வேணும்னு நான் கேட்டேனா? சௌகரியமா இருக்கும்னு அது உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

"நாய் எப்படிம்மா சொல்லும்?"

"சொல்ல முடியாதவங்கன்னா என்ன வேணும்னாலும் பண்ணலாமா சார்?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. பொட்டலத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் பயமெல்லாம் எங்கே போனதோ, எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். மூட்டை கட்ட வேண்டியிருந்தால் கட்டுவோம், வா என்று நினைத்தேன்.

செயலாளர் பொறுமையிழந்தார். "பேசிக்கிட்டே இருந்தா விடிஞ்சிடும். மொட்டையடிக்கணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க," என்று தன் கையை முதலில் தூக்கினார். இருமல்காரர் கை பாதி எழுந்தது. பின்வரிசையில் இன்னும் நாலைந்து கைகள்.

"டேய்."

யார் கூப்பிட்டது என்று எல்லோரும் திரும்பினோம். சக்கர நாற்காலியில் இருந்த அம்மாள், வாய் ஒரு பக்கம் கோணியபடி, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை ஒவ்வொன்றாக, சிரமப்பட்டு வந்தது.

"என்னைத்தான் கேக்கல. அதையாவது… கேட்டுட்டு வெட்டுடா."

செயலாளரின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஊட்டிய கை, குளிப்பாட்டிய கை, பாவம். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே வடிந்துவிட்டது.

"உனக்குச் சௌகரியமா இருக்கும்னுதானேம்மா…" என்றார்.

"யாருக்கு?" என்றார் அம்மாள்.

இருமல்காரரின் கை எப்போது இறங்கியதென்று எனக்குத் தெரியாது. பின்வரிசையிலும் ஒன்றும் இல்லை. கூட்டம் முழுவதிலும் மேலே நின்றது செயலாளருடைய கை ஒன்றுதான். அதை இறக்க அவருக்குத் தோன்றவே இல்லை.