துரையை லாரியில் ஏற்றிய காலை

கொள்ளு வேகிற வாசனையோடுதான் அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பொழுது விடியும்...

வலங்கைமான் பக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. அப்பாவுக்குக் குதிரை என்றால் உயிர். எங்கள் நாட்டுக் குதிரையைப் பெங்களூருக்குக் கொண்டுபோய், நண்பர் வைத்திருந்த ஜெர்மன் சவாரிக் குதிரையோடு சேர்த்தார். பிறந்த ஆண் குட்டிதான் துரை.

பெயர் வைத்தவர் காளியப்பன். எங்கள் வயலில் வேலை பார்ப்பவர். குதிரைகளும் அவர் பொறுப்பு.

"சீமைக்காரன் புள்ளதானே பாப்பா, துரைன்னே கூப்புடுவோம்."

எனக்கு அப்போது காலேஜ் முடிந்த வருஷம். துரை வாய்க்கால் கரையில் என் பின்னாலேயே வருவான். ஆனால் லகான் போட விட்டது காளியப்பனை மட்டும்தான்.

அந்த அறுவடையில் கூலித் தகராறு வந்தது. ஆட்சி மாறியிருந்தது, ஊருக்கு ஊர் சங்கக் கொடி ஏறியிருந்தது. யாரும் வயலில் இறங்கவில்லை, காளியப்பனும்தான். ஆனால் கொல்லை வழியாக வந்து துரைக்கு மட்டும் தீனி வைத்துவிட்டுப் போவார். அதற்காக அவர் தெருவில் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

விஷயம் அப்பா காதுக்கு வந்தது. ஊட்டியில் குதிரை வளர்க்கும் ஒருவருக்குத் துரையைப் பேசி முடித்துவிட்டார்.

"நம்மால அவன் சங்கடப்படக் கூடாதும்மா" என்றார் என்னிடம். காளியப்பனிடம் சொல்லவில்லை.

லாரி வந்தது. துரை ஏற மறுத்து உதைத்தான், பலகையே உடைந்தது... கடைசியில் காளியப்பனுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

வந்தார். கழுத்தைத் தடவி ஏதோ சொன்னார். துரை அவர் பின்னாலேயே லாரியில் ஏறிவிட்டான்.

இறங்கி வந்து அப்பா முன்னால் நின்றார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்கய்யா. குதிரைக்குத் தீனி வைக்கிறது வேலையில சேராதுன்னு எங்க ஆளுங்க நேத்துதான் ஒத்துக்கிட்டாங்க. பேசிப் பேசி சம்மதிக்க வச்சேன்."

"வாக்கு குடுத்துட்டேனே காளியப்பா..."

லாரி போய்விட்டது.

தகராறு தீர்ந்தபின் காளியப்பன் வயலுக்கு வந்தார். கொட்டில் பக்கம் மட்டும் அப்புறம் அவர் வரவேயில்லை.

இப்போது நான் சென்னையில். அந்த வயலில் ஒரு பகுதி காளியப்பனின் மகனுடையது. நடவு முடிந்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார். போன மாதம் பேசும்போது கேட்டேன், அவர் அப்பா எப்போதாவது துரையைப் பற்றிச் சொல்வாரா என்று.

"மழ நாள்ல சொல்லுவாருக்கா. ஊட்டியில குளிருமே, நம்ம பய தாங்குறானோ என்னமோன்னு..."

துரை நன்றாக இருக்கிறான் என்று என் அப்பாவுக்குத் தகவல் வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் காளியப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.