கணீரென்று ஒலித்த பல்சக்கரம்

பிள்ளைகளே, நம் தெருவில் புதைக்க வந்திருக்கும் வார்ப்பிரும்புக் குழாயை இன்று ஒருவர் சுத்தியால் தட்டினார். கணீரென்றது. நகரியில் எங்கள் விசைத்தறி நின்றுபோன நாள் நினைவுக்கு வந்தது.

பல்சக்கரம் உடைந்து, கல்யாணப் புடவை தறியிலேயே பாதியில் நின்றது. தறி உதிரிபாகக் கடைக்காரர் புதுச் சக்கரம் கொண்டுவந்தார். என் நைனா அதைத் தட்டிவிட்டு முறைத்தார்.

"வார்ப்பிரும்புன்னா தொப்புன்னுதான் கேக்கும். இது மணியாட்டம் கேக்குது. யாரை ஏமாத்துற?"

"இதுவும் வார்ப்புதாண்ணே. உருக்கும்போது மெக்னீசியம் சேர்த்துக்கீறாங்க, ஒடையாது."

"ஒடையாத வார்ப்பு எங்கய்யா கீது?" என்று நைனா அதைத் தரையில் போட்டார்.

சக்கரம் உடையவில்லை; தரைக்கல் பிளந்தது.

"கல்லு மட்டமான கல்லு," என்று முணுமுணுத்துக்கொண்டே அதைத் தறியில் பூட்டினார். முகூர்த்தத்துக்கு முன்னால் புடவை முடிந்தது. ஆனாலும் கடைசி வரை தினமும் அந்தச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தறியை ஓட்டுவார்.

இன்று குழாய்க்காரரிடம் நானும் சொன்னேன்: "கீழ போட்டுக் காட்டுய்யா."