நீஸ் கடலில் நான் நனைக்காத கால்

பிரான்சில் நீஸ் கடற்கரைக்குப் போனவர்கள் ஆறு பேர்: நான், என் கணவர், எங்கள் மகன் வருண், என் கொழுந்தன் சேகர், அவர் மனைவி கோமதி, அவர்கள் மகள் நித்யா. போன ஜூன் மாதம், ஒரு வாரம். அந்த ஆறு இப்போது ஐந்தாகிவிட்டது.

பதினெட்டு நாளைக்கு முன், நியூ ஜெர்சியில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ வீட்டில் நான் காலை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது கலிபோர்னியா சான் ஹோசேயிலிருந்து சேகர் கூப்பிட்டார். அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று நினைத்தபடியே போனை எடுத்தேன். "அண்ணி, கோமதி போயிட்டா" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மளிகை அலமாரியை மூன்று தடவை அடுக்கிவிட்டேன். அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் எழுதினாலாவது மனம் ஒரு நிலைக்கு வருமா என்று பார்க்கிறேன்.

ஓரகத்திகளுக்குள் சண்டை வரும் என்பார்கள். எங்களுக்குள் இருபது வருஷமாக ஒரே சண்டைதான். நான் எதையும் எழுதிவைத்துச் செய்வேன். அவள் எழுதியதைப் பார்த்தாலே சிரிப்பாள்.

நீஸில் வாடகை வீட்டுக்குப் போன மறுநாள், ஐந்து மணிக்கே எழுந்து புளியோதரைக்கு அரிசி களைந்தேன். குக்கர் வெயிட்டைக் காணவில்லை. நீலப் பெட்டியில் வைத்ததாக என் நோட்டில் இருக்கிறது. கோமதி கொட்டாவி விட்டபடி வந்தாள்.

"அதுக்கும் லீவு குடுத்துட்டேன் அக்கா."

"விளையாடாதே. புள்ளைங்க என்ன சாப்பிடும்?"

"ஊரெல்லாம் பிரெட் வாசனை அடிக்குது, உங்களுக்கு மட்டும் புளி வாசனைதான் வருமா?"

என் கணவர் திரும்பி நின்று சிரித்தார். மத்தியானம் வரை நான் அவரோடு பேசவில்லை. கடைசி நாள்தான் வெயிட் அவளுடைய ஸ்வெட்டர் பையிலிருந்து வெளியே வந்தது.

அங்கே கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். கோமதி ஆறு பேருக்கும் ரப்பர் காலணி வாங்கிவந்தாள். நான் போட்டுக்கொள்ளவில்லை. அமாவாசை, பௌர்ணமி தவிர மற்ற நாளில் கடலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எல்லோருடைய துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே இருந்தேன்.

"பெரியம்மா, இட்ஸ் ஜஸ்ட் வாட்டர்" என்றாள் நித்யா.

"விடுடி, பெரியம்மா பஞ்சாங்கத்தைக் கேட்டுட்டு வருவாங்க" என்றாள் கோமதி. பிறகு என்னிடம், "கடலுக்குக் காலண்டர் தெரியுமாக்கா?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஈரத்தோடு வந்து என் எதிரில் நின்றாள். "நாளைக்கு விடியக்காலைல ஃபிளைட். ஒரே தடவை வாங்க. நான் கையப் புடிச்சுக்கறேன்." அமாவாசை நாளைக்குத்தான் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. என் காலடியில் இருந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். தனியாகத் திரும்பிப் போனாள்.

போன வாரம் சேகர் அவளுடைய திதியைக் குறித்துத் தரச் சொன்னார். பஞ்சாங்கம் பார்க்க நானே படித்துக் கற்றவள். ஊர் நேரத்தை இங்கத்திய நேரத்துக்கு மாற்றி எழுதுவது எனக்குப் பழக்கம். அப்படி எழுதும்போது அதே நோட்டில் ஜூன் மாதப் பக்கம் கண்ணில் பட்டது. வெள்ளி மாலை நாலு மணிக்கு அமாவாசை தொடங்குகிறது, சாயங்காலம் கடலில் இறங்குவதில்லை, ஆகவே ஸ்நானம் சனிக்கிழமை என்று எழுதியிருந்தேன். அது சென்னை நேரம். பிரான்சுக்கு மாற்ற மறந்திருக்கிறேன். அங்கே பகல் பன்னிரண்டரைக்கே அமாவாசை பிறந்துவிட்டது.

அவள் கூப்பிட்டது மூன்று மணிக்கு.

சுவாமியிடம் சொல்லி அழுதேன். என் தப்பு, வழக்கத்தின் தப்பில்லை. ஆனாலும் கணக்குச் சரியாக இருந்திருந்தால் போயிருப்பேனா, இல்லை வேறு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேனா என்று ஒவ்வொரு நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கென்று வாங்கிய அந்த ஏழாம் நம்பர் ரப்பர் காலணியை எனக்குத் தெரியாமல் என் பெட்டியில் வைத்திருக்கிறாள். விலை அட்டையை இன்னும் கழற்றவில்லை. அவளிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. ஜெர்சி நேரத்துக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அன்று காலை இங்கே கடலில் இறங்கப் போகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது, அலைக்கும் பயம். யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சேகர், நித்யா, நீங்களும் இதைப் படிப்பீர்கள்; உங்களால் வர முடியுமா? வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.